படத்துக்குக் கொடுக்காத பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜீவிதன் எழுதுவது. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? மண்டபம் முகாமில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? போனில் சொன்னால் அப்பாவுக்குக் கேட்டுவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

சென்னையில் இப்போது ஒரு சின்ன பட்ஜெட் சண்டைப் படத்தில் வேலை. துப்பாக்கிக்காரர்கள் ஒரு உயர்நிலைப் பள்ளியைப் பிடித்துக்கொள்கிற கதை. ஆள் பற்றாததால் காலையில் நான் மாணவன், மத்தியானம் முகமூடி போட்ட துப்பாக்கிக்காரன்.

நேற்று எங்களிடம் சொல்லாமலே வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே வெடி வைத்துவிட்டார்கள். சத்தம் கேட்டதும் பக்கத்தில் இருந்த சிறுமியை மேசைக்குக் கீழே இழுத்து, அவள் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேன். முழங்கையில் கொஞ்சம் தோல் உரிந்தது, வேறொன்றும் இல்லை. கட் சொன்ன பிறகும் நான் எழும்பவில்லையாம்.

“தக்சிகா யாருண்ணா? அந்தப் பேரச் சொல்லித்தான் கத்துனீங்க,” என்று அந்தப் பிள்ளை கேட்டாள். தங்கச்சி என்றேன். வன்னிப் பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்து அவள் செத்ததைச் சொல்லவில்லை.

இயக்குநருக்கு அது பிடித்துவிட்டது. “சூப்பர்ப்பா. ஒன் மோர் போலாம், அதே பேரச் சொல்லிக் கத்து,” என்றார். நான் வாயில் வந்த வேறு பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

படம் வந்தால் அப்பாவைப் பார்க்க விட வேண்டாம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள். தக்சிகாவின் போட்டோ சொந்தக்காரர் யாரிடமாவது இருக்குமா என்றும் கேளுங்கள் அம்மா. அவள் முகம் எனக்குச் சரியாக நினைவுக்கு வரவில்லை.

கூப்பிடுகிறார்கள், போக வேண்டும்.

உங்கள் மகன்