காலனிக் குழாய்க்கு ஒரு கம்பி

அக். 29, திங்கள்
காலையிலிருந்து தூறல். பஞ்சாயத்து ரேடியோவுக்கு நான்தான் பொறுப்பு. மீதி நேரத்தில் பள்ளிக்கூடம். எல்லையில் சீனாவோடு சண்டை. காலனி ஆரோக்கியத்தின் மகன் பட்டாளத்தில். ரேடியோவின் ஒலிபெருக்கிக் குழாய் ஊர்க் கோயிலைப் பார்த்திருப்பதால் அவள் களத்துமேட்டில் நனைந்தபடி மாலைச் செய்திக்குக் காது கொடுக்கிறாள். "பாதி காத்துல பூடுது வாத்யாரய்யா. செத்தவன் பேரு வருதா, பொயச்சவன் பேரு வருதான்னே தெர்ல." பெயரெல்லாம் சொல்லமாட்டார்கள் என்றேன். நம்பவில்லை.

அக். 31
காலனிக்கு இரண்டாவது குழாய் கேட்டேன். பிரசிடெண்ட் சரி என்றார், மெம்பர் நடேசனைப் பார்த்துக்கொண்டே. நடேசன்: "ஒரே பொட்டி. ரெண்டு கொயாய் மாட்னா நம்ம சத்தம் பாதியாப் பூடும்." பம்புசெட் ஃபியூஸ் போடவே ஆள் தேடுகிறவர். இந்த ஞானம் எப்போது வந்ததோ.

நவ. 2
வாலாஜாபாத் மைக்செட்காரர் ஓரங்கட்டிய குழாய் கிடைத்தது. மின்தடை எட்டு ஓம். ஊர்க் குழாயும் எட்டு. ரேடியோப் பெட்டியின் முதுகில் குழாய்க் கம்பி மாட்டும் திருகு இரண்டே: 8, 16. தனித்தனியே கம்பி இழுத்தால் சேர்ந்து நாலாகும். நாலுக்குத் திருகு இல்லை, வால்வு போய்விடும். ஒன்றன் வழியாக மற்றொன்று என்று கோத்தால் பதினாறு. கச்சிதம். மின்சாரம் ஊர்க் குழாய்க்குப் போய், காலனிக் குழாய்க்குப் போய், பிறகுதான் பெட்டிக்குத் திரும்பும். வேறு நோக்கம் இல்லை. ஓம் கணக்குதான்.

காலனிக் கம்பத்தில் மாட்டி, நடேசனிடம் சொல்லாமல் இணைத்துப் பார்த்தேன். டீக்கடையிலிருந்து அவர்: "இன்னிக்கி இன்னா இந்தக் கத்து கத்துது? பேஜாரா கீது." இரண்டு குழாயும் சேர்ந்து ஓடுவதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

நவ. 5
செய்தி நடுவில் இரண்டு குழாயும் ஊமை. குழாயின் சுமை இல்லாமல் ஓடினால் பெட்டி கெடும்; ஓடிப்போய் அணைத்தேன். கோயில் பக்கம் கூட்டம், கூச்சல். நடேசன் மூச்சிரைக்க வந்தார்: "அவங்க கம்பிய வெட்னா நம்முது ஏன்யா நிக்கிது?"

கம்பி வெட்டுப்பட்டதை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். காலனிப் பாதையில் அரிவாள் வெட்டு, சுத்தமாக. திரும்பி வந்து, மின்சாரம் போகும் வழியை அவருக்குப் படம் போட்டு விளக்கினேன்.

நவ. 6
மழை விட்டது. நடேசனின் ஆளே கம்பம் ஏறிக் கம்பியை முறுக்கினான். கீழே நின்று நடேசன் காலனிக்காரர்களிடம்: "அந்தக் கொயாய பத்ரமா பாத்துக்கோங்கப்பா. மாடு கீடு மோதப் போவுது."

ஆரோக்கியம் தன் வாசலில் உட்கார்ந்து முழுச் செய்தியும் கேட்டாள். "பேரே சொல்லலியே, வாத்யாரய்யா." நல்லதுதானே என்றேன். நாளைக்கும் கேட்பாளாம்.

காலனிக்குப் போகும் இரண்டு கம்பியையும் ஊர்க் கம்பத்திலேயே சேர்த்து முறுக்கிவிட்டால் ஊர்க் குழாய் மட்டும் தனியே பேசும். அப்படி ஒரு வழி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. படத்திலும் நான் போடவில்லை.