அவள் மேசையிலிருந்து போனை எடுத்துவிட்டேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் தங்கை காய்ச்சலில் கிடந்து இன்றுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். உன் மேல் எனக்கு வந்த கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கடைசிவரை படி.

பள்ளி இறுதித் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்கு அவள் எவ்வளவு படிக்க வேண்டும் என்று நீ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு முடிவு செய்தாய். பள்ளி விட்டு வந்தால் மேசை, சாப்பாடும் அங்கேயே, அப்பா குறட்டை விடத் தொடங்கிய பிறகும் அதே மேசை. அது போதாதென்று போனைப் புத்தகங்கள் மேல் சாய்த்து வைத்து, அவள் முகம் தெரியும்படி காமிராவைத் திறந்தே வைக்கச் சொன்னாய். ஆபீஸ் வேலை ஒரு பக்கம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தங்கையைக் காவல் காப்பது ஒரு பக்கம். எழுந்திருக்க வேண்டுமென்றால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். ஊர் வீட்டுக்கெல்லாம் வயரிங் செய்ய ஏணியில் நிமிர்ந்து நிற்கிற உன் அப்பா, சொந்த வீட்டில் பின்கதவுக்குக் குனிந்து குனிந்து போனார். தலை தெரிந்தால் "மறைக்காதீங்கப்பா, நகருங்க" என்று நீ அதட்டுவாயே. தையல் மெஷின் சத்தம் தொந்தரவு என்றாய், நான் தைக்க வேண்டிய சீருடைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வராந்தாவுக்குப் போனேன். அண்ணன்காரன் அக்கறையில்தானே செய்கிறான் என்று எல்லாவற்றையும் பொறுத்துப்போனோம் பார், எங்களைச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை அந்த வராந்தா வரைக்கும் உன் கத்தல் கேட்டது. எழுந்திருடி, நடிக்காதே என்று. ஓடி வந்து பார்த்தால் பிள்ளை மேசையில் கவிழ்ந்து கிடக்கிறாள், தொட்ட கை சுடுகிறது. நீயோ அப்போதும், "தூங்குறாம்மா, மூஞ்சில தண்ணி அடிங்க" என்கிறாய். நடிக்கிறாள் என்று சொல்ல உனக்கு எப்படியடா நாக்கு வந்தது? டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரில் கிருமி, தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்த பிறகுதான் என் காதில் சொன்னாள்: "பாத்ரூம் போகணும்னு அண்ணன்கிட்ட தினம் எப்படிம்மா கேக்குறது, அங்க ஆபீஸ்ல பக்கத்துல எல்லாம் ஆளுங்க இருப்பாங்கல்ல." கேட்கக் கூச்சப்பட்டு, கேட்க வேண்டி வராமல் இருப்பதற்காகத் தண்ணீரையே விட்டிருக்கிறாள். கூட வந்திருந்த உன் அப்பாவிடம் நான் அதைச் சொன்னதும் வண்டியை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

நீ ஆசைப்பட்ட கல்லூரி உனக்குக் கிடைக்கவில்லை, அந்த வலி எனக்குத் தெரியும். அதற்காக நீ விட்டதை இவள் பிடித்துத் தர வேண்டுமா? எவ்வளவு படிப்பாய் என்று நேற்று அவளையே கேட்டேன். காலையில் கொஞ்சம், சாயங்காலம் சாப்பாட்டு வேளை வரைக்கும், அதற்கப்புறம் படுத்துக்கொள்கிறேன் என்றாள். சரி என்றேன். அதோடு முடிந்தது, உன் அட்டவணையைக் கிழித்துப் போட்டாயிற்று. போன் என் அலமாரியில் இருக்கிறது, மெஷின் மறுபடி முன்னறையில் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில்தான் அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

ஆனால் ஒன்று கேள். மேசை காலியாக இருக்கிறது, போன் அங்கே இல்லை என்று அவளுக்கும் தெரியும். இருந்தும் இன்று காலை பாத்ரூம் போக எழுந்தவள், அந்த மேசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். மதிப்பெண் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும், அந்தப் பார்வை அவளை விட்டுப் போக வேண்டும். போகவைக்க வேண்டியவன் நீ.

உடம்பைப் பார்த்துக்கொள், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அவளிடமே கொடுக்கிறேன். எத்தனை பாடம் முடிந்தது என்று ஆரம்பித்தாயோ, பிடுங்கி வைத்துவிடுவேன். தண்ணீர் குடித்தாயா என்று கேள். அவள் பதில் சொன்னால், அதற்குப் பிறகு நானும் உன்னோடு பேசுகிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா