சோபாவுக்குப் பதில் கிராபிக்ஸ் கார்டு

வேப்பம்பட்டு,
திங்கட்கிழமை.

என் செல்ல மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முட்டிவலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இங்கே இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம், அங்கே குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, தொண்டைக்கட்டு விட்டதா? போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் அப்பா ஹாலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார், அவரைப் பற்றியே சொல்ல வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். கீழ்வீட்டு அகல்யாவை அவள் ஆபீசில் உங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள், புதன்கிழமை விமானம். இதையும் பருப்புப்பொடி, வத்தல் பொட்டலத்தையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு.

போன மாதம் நாம் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கேமில் சேர்ந்து லாரி ஓட்டினோமே, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊருக்குள் நுழைந்ததும் என் திரை வழக்கம்போல அப்படியே நின்றுவிட்டது, திரும்பப் படம் வந்தபோது என் லாரி வேலிக்கு அந்தப் பக்கம் குப்புறக் கிடந்தது. நீ ரோட்டோரம் நிறுத்திக் காத்திருந்தாய். அப்போது, "அம்மா, உனக்குக் கஷ்டமா இருந்தா விட்டுடலாம், போன்லயே பேசிக்கலாம்" என்று சொன்னாய். நீ நல்ல மனசோடுதான் சொன்னாய், ஆனாலும் எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. போனில் நாம் என்ன பேசுகிறோம், சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு சரி. லாரி ஓட்டும்போதுதானே உன் மேனேஜரைப் பற்றி, நீ புதிதாகப் போட்டுக்கொண்ட கண்ணாடியைப் பற்றி, அங்கே தனியாக இருப்பது சில நாள் பிடிக்காமல் போவதைப் பற்றியெல்லாம் சொல்கிறாய். ஸ்கூட்டி கூட ஓட்டத் தெரியாத என்னை நாற்பது டன் லாரியில் ஏற்றிவிட்டது நீ, இப்போது இறங்கு என்றால் எப்படி இறங்குவேன்? மறுநாள் காலையிலேயே, கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்தவளாயிற்றே என்று அகல்யா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளும் கேம் ஆடுகிறவள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். நீ காலேஜில் வாங்கிய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ப்ராசஸர் பரவாயில்ல, இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாங்கும். படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டுதான் பாவம், மூச்சு வாங்குது" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளுக்கு இரண்டாவது தடவை காபி போட்டுவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது என்ன ஆகியிருக்கும் என்று உனக்கே தெரியும். சோபா வாங்க எடுத்து வைத்திருந்த ஐம்பதாயிரத்தில்தான் எல்லாம் முடிய வேண்டும் என்றேன். "பொம்ம லாரி ஓட்டுறதுக்கா? நான் தரையிலயே உக்காந்து சாகுறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார். போகாதே என்று அவர் சொல்லியும் நீ கிளம்பிப் போனதிலிருந்து கம்ப்யூட்டர் இருக்கிற அந்த அறைக்குள்ளேயே அவர் வருவதில்லை. நாம் ஓட்டும் நேரமெல்லாம் வாசற்படியில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார், ஒரு செருப்பை எவ்வளவு நேரம்தான் துடைப்பார் பாவம்.

கம்ப்யூட்டர் கடைகளாகவே இருக்கிற ரிச்சி தெருவுக்கே போகலாம் என்றேன், அகல்யாதான் ஏதாவது பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்கப் பக்கமாக இருக்கட்டும் என்று அம்பத்தூரில் அவளுக்குத் தெரிந்த பாபு கடைக்கு லோக்கல் ரயிலில் கூட்டிப்போனாள். கடைக்குள் நுழைந்ததும் எனக்கு நகைக்கடையில் நிற்கிற மாதிரி இருந்தது, எல்லாப் பக்கமும் விளக்கு. பாபு முதலில் அகல்யாவைப் பார்த்தே பேசினார், கேம் ஆடப்போவது நான்தான் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருக்கா, இன்னா கேம் ஆடுற நீ?" என்றார். லாரி என்றேன். "லாரியா! செம அக்கா" என்று உள்ளே போய் மூன்று விசிறி வைத்த ஒரு கார்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். அதன் பக்கவாட்டில் வானவில் மாதிரி விளக்கு ஓடுகிறது எழில், எனக்கு அதன் மேலேயே ஆசை. "இத்த எடுத்துக்கினு போனா பல வருஷத்துக்குத் திரும்பியே பாக்க வாணாம்" என்றார். ஆனால் அதை வாங்கினால், அதற்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டிக்குக் காசு மிஞ்சாது. பழையதே தாங்கும் என்றார் பாபு, தாங்காது என்றாள் அகல்யா. அந்தப் பழைய பெட்டியில் இந்தக் கார்டுக்குச் சொருகுகிற ஒயரே கிடையாதாம், ஏதாவது ஒட்டுப்போட்டு மாட்டினால் ஒருநாள் புகைதான் வருமாம். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசப் பேச எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் நான் பாபுவிடம் ஒன்றுதான் கேட்டேன், தம்பி, ஊருக்குள் போகும்போது திரை நிற்காமல் இருக்க வேண்டும், மழை பெய்தால் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரிய வேண்டும், இவ்வளவுக்கு எந்தக் கார்டு போதும்? அவர் சிரித்துவிட்டு, "அதுக்கு இம்மாம் பெருசு தேவையே இல்லக்கா" என்று இரண்டு விசிறிக் கார்டை எடுத்து வைத்தார், நல்ல மனுஷன்தான். அதோடு ஒழுங்கான பவர் சப்ளை, கேம் சீக்கிரம் திறக்க ஒரு எஸ்.எஸ்.டி., இருக்கிற ரேமோடு சேர்த்துப் போட இன்னொன்று. ரேம் விலையைக் கேட்டதும் மயக்கமே வந்துவிட்டது, இந்த வருஷம் தங்கத்தோடு போட்டி போடுகிறது என்கிறார்கள். அதனால் வெளிப்பெட்டிக்குப் புது கேபினட் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வானவில் விளக்கு இல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பரவாயில்லை.

சனிக்கிழமை அகல்யா வந்து மாட்டினாள், கூடவே நானும். தூசு தட்டவே பாதி நேரம் போனது. உள்ளே இருட்டாக இருக்கிறது என்று நாங்கள் தடவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது, திரும்பிப் பார்த்தால் அப்பா செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நிற்கிறார்! நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன், ஏதாவது சொன்னால் போய்விடுவார். எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டோம், விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டோம், ரேமைக் கழற்றி மாட்டினோம், கறுப்புதான். இத்தனை பேச்சுக்குப் பிறகு இப்படியா என்று இருந்தது எனக்கு. அப்பா டார்ச்சை அணைத்துவிட்டு, "சோபா வாங்கிருந்தா இந்நேரம் உக்காந்துட்டாவது இருக்கலாம்" என்றார். அகல்யா பின்பக்கம் குனிந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். திரையிலிருந்து வருகிற ஒயரை நான் அவசரத்தில் மேலே இருக்கிற வேறொரு துளையில் சொருகியிருக்கிறேன், புதுக் கார்டில் சொருகவே இல்லை! மாற்றியதும் படம் வந்தது பார், அடடா. இத்தனை நாள் நான் ஓட்டியது மூக்குக் கண்ணாடி இல்லாமல் ஓட்டினது போல. ஈர ரோட்டில் சிக்னல் விளக்கு சிவப்பாக விழுகிறது, தூரத்தில் காற்றாலை சுற்றுவது தெரிகிறது, ஊருக்குள் நுழைந்தேன், நிற்கவே இல்லை! நான் கத்தின கத்தலில் மாடி வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அப்பா பின்னால் நின்றபடி, "ரைட்ல வண்டி வருது, பாத்து" என்றார்.

இனிமேல்தான் நான் கடிதம் எழுத வந்த விஷயமே. நேற்று நீ ஆபீஸ் வேலை என்று வராததால் நான் நூம்பலுக்கு என் சிநேகிதி ஜமீலாவின் பேத்தியைப் பார்க்கப் போய்விட்டேன், குழந்தை அப்படியே ஜமீலா மூக்கு. சாயங்காலம் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் என் லாரி நான் நிறுத்திய ஊரில் இல்லை. முன்பக்கம் நசுங்கியிருக்கிறது, போலீஸ் அபராதம் வரிசையாகக் கட்டியிருக்கிறது, எல்லாம் எதிர்த்திசையில் போனதற்கு. நம் ஊர் வழக்கப்படி இடது பக்கமாகவே ஓட்டியிருக்கிறார் மனுஷன். எந்த ஊர் என்று பார்த்தேன். ராட்டர்டாம். நீ இருக்கிற ஊர், எழில். அவ்வளவு தூரமும் இடித்துக்கொண்டும் அபராதம் கட்டிக்கொண்டும் ஓட்டிப்போய் உன் ஊரில் லாரியை நிறுத்தியிருக்கிறார். வெளியே வந்து யார் ஓட்டியது என்று கேட்டேன். "கரண்ட் போயிட்டு வந்துச்சு, அதுல ஏதாவது ஆயிருக்கும்" என்றார் பேப்பரைக் கீழே இறக்காமல். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைக் கஞ்சி குடிக்கக் கூப்பிட்டேன். பாதியில் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் துறைமுகம், பாலமெல்லாம் நெஜத்துலயும் அப்படியேதான் இருக்குமா? அவ வீட்டுலேருந்து தெரியுமா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும், அவளையே கேளுங்கள் என்றேன். கை கழுவப் போனவர் அங்கிருந்தே, "வர்ற ஞாயித்துக்கெழம நான் ஓட்டட்டுமா?" என்றார்.

ஆகவே கண்ணு, இந்த வாரம் என் லாரியில் வருவது அப்பா. உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, நீ கிளம்பினபோது நடந்த பழைய பேச்சை நீயும் எடுக்காதே, அவரும் எடுக்க மாட்டார். வேளாவேளைக்குச் சாப்பிடு, தொண்டைக்கு மிளகு ரசம் வைத்துக் குடி, அகல்யாவை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு, நல்ல பெண். உனக்கு ஒரு குறையும் வராமல் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். மறக்காமல் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை லாரியை எடுத்ததும் உன் வேகத்தில் பறந்துவிடாதே. ரவுண்டானாவில் அவர் இன்னும் தடுமாறுகிறார், கொஞ்சம் நின்று கூட்டிப்போ.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
மைதிலி பாஸ்கரன்