வெல்டிங் வைத்து எடுத்த பேரிங்

என் அன்பு மாப்பிள்ளை குமரேசா,

நலம் விசாரித்துத் தொடங்கினால் "விஷயத்துக்கு வா மச்சான்" என்று சிரிப்பாய். வருகிறேன். உன் கார் நேற்று ஓடியது. எனக்கு அதில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

ஐந்து மாதம் போலீஸ் நிலையத்துக்கு வெளியே மழையிலும் வெயிலிலும் கிடந்துவிட்டுப் போன வாரம்தான் வீடு வந்தது. மலாக்கா பக்கம் புக்கிட் காத்தில் என்ற ஊரிலுள்ள உன் வீட்டு வாசலில் நிறுத்தியதும் உன் தேவி வெளியே வந்து பார்த்தாள். என் தங்கச்சி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அண்ணே, லாரி அடிச்சத எல்லாரும் சொல்றாங்க. காடி ஏன் அந்த எடத்துல நின்னுச்சுன்னு ஒருத்தரும் சொல்லலையே. நிக்கலன்னா அவரு எறங்கியிருக்க மாட்டாருல்ல? நீங்க பாத்து சொல்லுங்க."

நீ புலாவ் செபாங் தாண்டி இறங்கினாய். காருக்குப் பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தை வைக்கப் போனாய், லாரி அடித்துவிட்டது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

பானெட்டைத் திறந்தேன். பெல்ட் அறுந்து கிடந்தது, கார் நின்றது அதனால்தான். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் உன் ஆசை சூப்பர்சார்ஜர் அதே பெல்ட்டில்தான் சுற்றும். கையால் திருப்பினேன், அசையவில்லை. பின்பக்க பேரிங் இறுகிப்போயிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி, துருப்பிடித்து இறுகியதா? இல்லை, அன்றைக்கு ரோட்டிலேயே இறுகி பெல்ட்டை அறுத்ததா?

அந்த பேரிங்கைப் போட்டவன் நான். போன வருஷம், இதே வாசலில். "பிரஸ்ல வெச்சு அழுத்துவோம், தட்டாத மச்சான்" என்றாய். பிரஸ் பெம்பானில் என் வொர்க்‌ஷாப்பில் இருந்தது. அவ்வளவு தூரம் போக எனக்குச் சோம்பல். "ரெண்டு தட்டு தட்டுனா உக்காந்துரும் லா" என்று சுத்தியலை எடுத்தேன். வெளி வளையத்தில் தட்ட வேண்டியதை உள் வளையத்தில் தட்டினேன். அப்படித் தட்டினால் அடி முழுக்க நடுவிலுள்ள குண்டுகள் வழியாகப் போகும். அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழும், ஓட ஓட அந்தத் தடம் செதில் செதிலாக உரியும், கடைசியில் பேரிங் இறுகிவிடும். இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்தவனுக்குத் தெரியாததா?

ஆக, தடம் உரிந்திருந்தால் என் கை. வெறும் துரு என்றால் மழை. கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அது வர மறுத்தது. புல்லரை மாட்டி இழுத்ததில் உள் வளையம் மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. குண்டுகள் சிமெண்ட் தரையில் உருண்டோடின. உள் வளையம் முழுக்கத் துரு, ஒன்றும் புரியவில்லை. வெளி வளையம் சூப்பர்சார்ஜரின் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. டார்ச் அடித்தேன், கிரீஸும் அழுக்கும்தான் தெரிந்தது.

அதை எடுக்க இரண்டு வழி. கூட்டை மெதுவாகச் சூடாக்கினால் அலுமினியம் விரிந்து வளையம் தானாக இறங்கும். அரை நாள் ஆகலாம். இன்னொன்று, வளையத்தின் உள்ளே சுற்றி வெல்டிங் ஓட்டுவது. ஆறும்போது சுருங்கிக் கழன்று விழும், ஆனால் தடம் எரிந்துபோகும். நான் வெல்டிங் செட்டை எடுத்தேன். எனக்கு எந்த அவசரமும் இல்லை.

பழக்கத்தில் எடுத்தேனா மாப்பிள்ளை? பார்க்கப் பயந்து எடுத்தேனா? கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். வளையம் கருகி விழுந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்க மறுக்கிறது.

புது பேரிங்கை முறைப்படி போட்டேன். பேரிங்கை தேவியின் ஃப்ரீசரில் வைத்தேன், கூட்டை அவள் கேக் சுடும் ஓவனில். விட்டதும் தானாக இறங்கி உட்கார்ந்தது. சுத்தியலைத் தொடவே இல்லை. அன்றைக்கும் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்.

தேவி கோப்பி கொண்டு வந்தாள். "தெரிஞ்சுதாண்ணே?"

"பெல்ட்டு பழசும்மா. அதான் அறுந்துருச்சு."

கோப்பியை என் பக்கத்தில் வைத்தாள். "அவரு எதையும் தள்ளிப்போடுற ஆளுதான். அத மாத்தியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு" என்றாள். அன்றிலிருந்து மூன்று நாளாக உன் படத்துக்கு அவள் விளக்கு ஏற்றவில்லை.

போன வருஷம் நான் பேரிங் போட்ட அன்றே பெல்ட்டையும் மாற்றினோம். நீதான் மலாக்கா டவுனுக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தாய். தெரிந்தேதான் அவளிடம் அப்படிச் சொன்னேன். உன்னைக் கொண்டுபோனது என் சுத்தியலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. செத்த பிறகு உன் மேல் பழி போட்டது என் வாய். அதில் சந்தேகமே இல்லை.

அவளிடம் நேரில் சொல்ல மூன்று தடவை போனேன், வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை இன்றைக்கே தேவியின் கையில் கொடுப்பேன். அவள் வாசித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், எழுந்து ஓடமாட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடாமல் போகலாம். அப்படிப் போனால் நான் உனக்கும் உறவில்லை.

அவள் வாசித்து முடிக்கும்வரைக்குமாவது,

உன் மச்சான்
செல்வம்