ஒயரைப் புடுங்குடா மச்சான்

மச்சான்,

இன்று காலை தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கி, கடை வாசலிலேயே நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். சுர்ரென்றது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தலை நரைத்த ஒருவன் பட்டப்பகலில் பேட்டரியை நக்கினால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வழி அதுதான்.

போன வாரம் உன் மனைவி பீர்க்கன்கரணை வீட்டுக்கு வரச்சொல்லி, உன் பேஸ் கிட்டாரையும் அந்த நீலப் பெடல் பெட்டியையும் என் கையில் கொடுத்தார். "நான் வெச்சிருந்து என்னண்ணா பண்ணப்போறேன்? உங்ககிட்ட இருந்தா அவருக்குப் பிடிக்கும்" என்றார். நான் டிரம்ஸ் அடிக்கிறவன், எனக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

கப்பலில் வேலை பார்த்த உன் மாமா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது எண்பதுகளின் கடைசியில். மேற்குத் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நாம் ராக் வாசித்துக்கொள்ளலாம் என்று போதகர் பெரிய மனசு பண்ணியிருந்தார். பாட்டுக்கும் கிட்டாருக்கும் விக்டர், டிரம்ஸுக்கு நான், பேஸுக்கு நீ. மூன்றே பேர். விக்டர் கிட்டாரை நிறுத்திவிட்டுப் பாடினால் ஹால் காலி வீடு மாதிரி இருக்கும்.

நீ அந்தப் பெட்டியைத் தரையில் வைத்துக் காலால் அழுத்தினாய். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கம்பியைத் தட்டினாய். தட்டியது ஒருவன், கேட்டது இரண்டு பேர் தட்டிய மாதிரி. பீரோவுக்குப் பின்னால் யாரையாவது ஒளித்துவைத்திருக்கிறாயா என்று நான் கேட்டேன்.

"சர்ச்சுல எல்லாரும் சேந்து பாடறாங்கல்ல?" என்றாய். "ஒருத்தர் சுருதி கொஞ்சம் மேல, ஒருத்தர் கொஞ்சம் கீழ, ஒருத்தர் கொஞ்சம் லேட்டு. அதனாலதான் அவ்ளோ பெருசா கேக்குது. இந்தப் பொட்டி ஒரே ஆளை அப்படிப் பண்ணிடும். அதான் பேரே கோரஸ்."

அதற்கு நீயே ஒரு சட்டமும் போட்டாய். "தடிச்ச கம்பில போட்டா கூழாயிடும் மச்சான். மெல்லிசு கம்பில, மேல ஏறி வாசிக்கும்போதுதான் போடணும்." அப்படியே செய்தாய். விக்டர் தனியாகப் பாடும் இடம் வந்ததும் உன் கை கிட்டார் கழுத்தின் மேலே ஏறும், கால் பெட்டியை அழுத்தும், ஹால் நிரம்பிவிடும்.

இன்னொரு சட்டம் எனக்கு மட்டும். விளக்கு அணைந்திருந்தாலும் ஒயர் சொருகியிருக்கும்வரை அந்தப் பெட்டி பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் நீ டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டே கத்துவாய்: "ஒயரைப் புடுங்குடா மச்சான், பேட்டரி செத்துடும்!" பெட்டி உன்னுடையது, ஒயர் உன்னுடையது, பிடுங்குவது மட்டும் நான். நல்ல நியாயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க முடியவில்லை. பாட்டு நடுவில் நீ சட்டென்று நிறுத்தினாய்.

"டேய், பெடல் ஆன்ல இருக்கா பாரு."

குனிந்து பார்த்தேன். விளக்கு எரியவில்லை. "ஆஃப்லதான் இருக்கு."

"நல்லா பாருடா."

நீயே பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கி நேராக ஆம்ப் ஸ்பீக்கரில் சொருகினாய். ஒரு கம்பியைத் தட்டிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாய். "இப்பவும் ரெண்டாதான் கேக்குது" என்றாய்.

"காதுல எறும்பு பூந்துகினு கீது போல" என்று விக்டர் சிரித்தான். நீயும் சிரித்தாய்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ரயில்வே கேட்டில் நின்றோம். ஹாரன் கேட்டது. "ரெண்டு வண்டியா வருது?" என்று கேட்டாய். ஒரு வண்டிதான் வந்தது, ஒரு ஹாரன்தான் அடித்தது. நீ வலது காதைப் பொத்திப் பார்த்தாய். பிறகு இடது காதைப் பொத்திப் பார்த்தாய். "இந்தக் காதுல ஒரு சுருதி, அந்தக் காதுல வேற சுருதி" என்றாய். கேட் திறந்த பிறகும் நாம் மூவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு தலைசுற்றல் வந்தது. சுவர் சுழல்கிறது என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உள்காதில் நீர் அழுத்தம் என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார், மாத்திரை எழுதினார். சரியாகிவிடுமா என்று உன் அம்மா கேட்டதற்கு, "பார்ப்போம்மா" என்றார். அம்மா ஜெப எண்ணெயைத் தடவினார். நான் என்ன செய்வது? நீ தாளம் தப்பினால் இழுத்துப் பிடிப்பேன். உன் காதுக்குள் புகுந்து சுருதி சேர்க்க எந்த டிரம்ஸ்காரனால் முடியும்? விக்டரும் நானுமாக உன் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக் கொடுப்போம். சரியாக இருக்கிறதா என்று எங்கள் முகத்தைப் பார்ப்பாய். நாங்கள் தலையாட்டுவோம். அதை நம்பி வாசிப்பாய். நீ நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு அந்தக் கல்லூரிக் கல்சுரல்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கம். மேடை ஏறியதும் பெட்டியை அழுத்தினாய், கடைசிவரை அணைக்கவே இல்லை. தடித்த கம்பியிலும் கோரஸ்தான். எல்லாம் கூழ். விக்டர் திரும்பித் திரும்பி முறைத்தான். நான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து "ஆஃப் பண்ணுடா!" என்று கத்தினேன். நீ மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாய். கீழே நாலு பேர் ஊளையிட்டார்கள்.

இறங்கியதும் விக்டர் பிடித்துக்கொண்டான். "இன்னாடா பண்ணி வெச்ச? கூழாயிடும்னு சொன்னவனே நீதானே!"

நீ ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. "ஆஃப் பண்ணா எனக்கு மட்டும்தான் ரெண்டா கேக்குது. ஆன் பண்ணா எல்லாருக்கும் ரெண்டா கேக்குது. கொஞ்ச நேரமாவது நான் தனியா இல்லாம இருந்தேன் மச்சான்."

விக்டர் ஆம்ப் மேல் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு நீ வாசிக்கவே இல்லை.

காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாய், கல்யாணம் ஆயிற்று. ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாய். "ஒண்ணாயிடுச்சு மச்சான்! வலது காது மொத்தமா போயிடுச்சு. இப்போ எல்லாமே ஒண்ணாதான் கேக்குது" என்று சிரித்தாய். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் உன்னை டீ குடிக்கக் கூட்டிப்போனேன். அன்றிலிருந்து உன் இடது பக்கமாகவே நடந்து பழகிவிட்டேன். இப்போது யாருடன் நடந்தாலும் கால் தானாக இடது பக்கம் போகிறது. என் மனைவி திட்டுகிறாள்.

இந்த வருஷம் உன் மாரடைப்புக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்று மத்தியானம் பெட்டியில் புதுப் பேட்டரியைப் போட்டேன். என் மகன் வாங்கிப்போட்டு மறந்த சின்ன ஆம்ப்பில் சொருகி, காலால் அழுத்தினேன். விளக்கு எரிந்தது மச்சான், இத்தனை வருஷம் கழித்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. தடித்த கம்பியைக் கட்டைவிரலால் தட்டினேன். கூழ்தான். இரண்டாகத்தான் கேட்டது. நீ கேட்டதை நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை தட்டினேன். இன்னொரு முறை.

இப்போது இருட்டப்போகிறது. டீக்கடைப் பக்கத்திலிருந்து நீ கத்துவது கேட்கிறது. கை ஒயர் மேல்தான் இருக்கிறது. பிடுங்கினால் விளக்கு இப்போதே அணைந்துவிடும். பிடுங்காவிட்டால் பேட்டரி தானாகச் செத்துப்போகும். மூன்றாவதாக ஒரு வழியை நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே மச்சான். இன்னும் பிடுங்காமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.