பாதியில் திரும்பிய குன்று

சம்பந்தி அவர்களுக்கு,

இன்று காலை கல்லாற்றில் மாப்பிள்ளை காரை நிறுத்தி உங்களுக்குப் பிடித்த இஞ்சிச் சாயா வாங்கிக் கொடுத்தார். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கல்யாணம் முடிந்த வருஷம், மார்கழியில், இரண்டு குடும்பமும் இங்கே வந்தோமே. பெண்கள் ஆற்றில் கால் நனைக்கப் போனார்கள். "இந்தக் குன்னுல ஒரு நடை ஏறிட்டு வருவோமா சம்பந்தி?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். சின்னக் குன்றுதான். ஆள் நடமாட்டம் கிடையாது, பனி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. நானோ ஆரியசாலைக் கடையில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து நானும் ஒரு மூட்டையாகிப்போனவன். போதாததற்கு குரங்குக் குல்லாய் வேறு. திருவனந்தபுரத்துக் குளிருக்குக் குல்லாய் போடுகிற ஒரே ஆம்பிளை நான்தான் என்பாள் என் மகள்.

ஏறத் தொடங்குமுன்பே தகராறு. பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு முன்னால் நடக்கலாமா? "நீங்க முன்ன போங்க" என்றேன். "வயசுல மூத்தவுக நீங்க, நீங்க போங்க" என்றீர்கள். ஒற்றையடிப் பாதையில் சேர்ந்து நடக்கவும் வழியில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று இதே உபசாரம். கல்யாணப் பந்தியில்கூட நாம் இவ்வளவு செய்துகொள்ளவில்லை.

பாதிக்கு மேல் ஏறியிருப்போம். நீங்கள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பாவம், களைத்துவிட்டார், சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் மூச்சு துருத்தி மாதிரிதான் ஊதியது. ஆனாலும் உச்சியைப் பார்க்க ஆசை. அதை விழுங்கிக்கொண்டு, "இங்கேருந்தே எல்லாம் நல்லாத் தெரியுதே சம்பந்தி, போதும்" என்றேன்.

"ஆமா, ஜோராத் தெரியுது" என்றீர்கள்.

பனியைத் தவிர ஒரு மண்ணும் தெரியவில்லை.

"மேல என்ன பாத்திய ரெண்டு பேரும்?" என்று கீழே மகள் கேட்டதற்கு, "அருமையான காட்சி" என்று ஒரே குரலில் சொன்னோம். அதற்கப்புறம் எத்தனையோ விசேஷங்கள். எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் சர்க்கரை வியாதியைப் பற்றியும் பேசினோம். குன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சம்பந்தி அம்மாள் என்னிடம் வந்து சொன்னார்கள்: "அன்னைக்கு உங்களுக்கு மூச்சு வாங்குனதப் பாத்துதான் இவுக திரும்பினாக. உச்சி வரைக்கும் போகணும்னு அம்புட்டு ஆசை. ஒவ்வொரு மார்கழிக்கும் சொல்லுவாக. உங்களத் திரும்பக் கூப்பிடத்தான் கூச்சம்."

எனக்கும் அதே கதைதான் என்று அவர்களிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. கூச்சத்தில் நாம் நல்ல ஜோடிதான், சம்பந்தி. "வேய், சும்மா நடயும்" என்று ஒரு தடவை உங்களை அதட்டியிருக்கலாம். கொஞ்சம் மரியாதை போயிருக்கும், ஒரு சிநேகிதர் கிடைத்திருப்பார்.

சாயா குடித்துவிட்டு இன்று மாப்பிள்ளையோடு ஏறினேன். பாதி வழியில் அவர் நின்று என்னைப் பார்த்தார். அதே பார்வை. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

"எனக்கு மூச்சு முட்டுது மாப்பிள்ளை" என்றேன். "ஆனா மேல போணும்."

"செரி மாமா. எனக்கும் முட்டுது. பதுக்க, நின்னு நின்னு போவோம்."

உச்சியில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு புல், ஒரு வழுக்கைப் பாறை, தூரத்தில் போனக்காட்டுப் பக்கத்து மலைகள். இதற்கா இத்தனை பாடு என்று நாம் சிரித்திருப்போம். மாப்பிள்ளை துண்டால் பாறையைத் தட்டிவிட்டு, "உக்காருங்க மாமா" என்றார். கால் கடுத்தது. ஆனாலும் நீங்கள் உட்காராமல் நான் உட்கார்ந்து பழக்கமில்லையே. காலை மாற்றி மாற்றி ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தேன்.