வேலை நேரத்தில் ஒரு வெடிச்சத்தம்

எந்தச் சத்தத்துக்கும் அசையாத என் அம்மாவுக்கு,

நீ இல்லாத முதல் கிறிஸ்துமஸ் நேற்று முடிந்தது. நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணன் மதுரைக்கே போய்விட்டான். எனக்கும் விடுப்பு கிடையாது. ஊழியத்துக்கு வந்த முதல் வருடம் பண்டிகைக்கு ஊருக்குப் போகக்கூடாது என்பது எங்கள் மிஷனின் வழக்கம். விடுப்பு இருந்தால் மட்டும் அங்கே யாரைப் பார்க்கப் போவேன், சொல்லு?

நான் இருக்கும் ஊர் வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம். தகரக் கூரை போட்ட ஜெபவீடு, பக்கத்திலேயே எனக்கு ஓர் அறை. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதால் ஊருக்கே நான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுக் குடும்பம் ஜெபத்துக்கு வரும். வராத வீடுகளிலிருந்து குழம்பு வரும். காலை ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து பாதி ஊரை அள்ளிக்கொண்டு போய்விடும். நீ உயிரோடு இருந்தபோது போனில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பயமாக இருக்கிறது என்பதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் சிரித்திருப்பாய்.

புத்தாண்டு ஆர்டர் இருந்ததால் நேற்றும் வேன் வந்தது. ஆராதனையைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்தோம். பகல் பதினொரு மணிக்கு வாசலில் கட்டிய காகித நட்சத்திரமும் நானும்தான். நம் வீட்டில் என்றால் நீ விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் வெடியைக் கொளுத்துவாய். நான் கதவுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். "எதுக்கு மக்ளே இந்தப் பேடி?" என்று என் பயத்தைக் கேலி செய்வாய்.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா முந்தின நாள் ஒரு பெட்டி அணுகுண்டு வெடி கொடுத்திருந்தாள். "உங்க ஊருல கிறிஸ்மஸுக்கு வெடிப்பீகன்னு சொன்னீகள்ல டீச்சர், எங்க வீட்டுக்காரரு வாங்கியாந்தாரு," என்றாள். அவள் புருஷன் குருசாமி கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெடிமருந்தை இங்கே வெறுமனே மருந்து என்றுதான் சொல்வார்கள். தீபாவளிக்கு இந்த ஊர் வெடித்த வெடியை நான் கேட்டிருக்கிறேன். ஒன்று வெடித்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, உனக்காக, ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு நானே போய்க் கொளுத்தினேன்.

வெடித்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது, ஒரு நிமிடம்.

அதற்குள் தெருவில் இருந்த எல்லாக் கதவும் திறந்தன. பெண்கள் செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினார்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். "எங்கன? எங்கன பொகை தெரியுது?" "எந்தக் கம்பெனிடி?" ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். நான் ஊதுபத்தியும் கையுமாக நிற்கிறேன். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயத்தில் சொல்லவில்லை அம்மா. ஜெபம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. சொல்ல வாய் வந்தபோது பாண்டியம்மா ஐந்து மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரை மேல் ஓடிக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே ஓடினேன். கம்பெனி ஒரு மைலுக்குக் குறையாது. கத்திக் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. கால் இடறினால் அவளும் குழந்தையும் கரையிலிருந்து கீழே உருள வேண்டியதுதான். ஆண்டவரே, அவளை விழவிடாதேயும் என்று அப்போதுதான் ஜெபம் வந்தது.

கேட்டில் வாட்ச்மேன் அவளை மறித்திருந்தார். "இங்கன ஒண்ணுமில்ல தாயி. எல்லாரும் நல்லா இருக்காக."

"ஆளக் காட்டுங்க. மொகத்தப் பாக்காம நான் நம்ப மாட்டேன்."

குருசாமி வந்தார். கண் இமைவரை வெள்ளி நிறத்தில் மருந்துப் பொடி. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடிவந்திருந்தார். அவர் சட்டையைப் பிடித்தபடியே பாண்டியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் வெடிச்சேன்," என்றேன்.

திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நின்றேன். அவள் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். "வேலை நேரத்துல எங்கூர்ல ஊசிவெடி கூட வெடிக்க மாட்டோம் டீச்சர். எல்லா வேனும் திரும்பி வந்தப்புறந்தேன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லணும்னு எனக்குத் தோணலயே," என்றாள். என் தப்பை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஆராதனைக்கு வருகிறவர்களுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாருமே வரமாட்டார்கள், நாளைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குக் குளித்து முழுகி முதலில் வந்தது குருசாமி. "டீச்சர், இன்னைக்கு எங்களுக்குச் சோறு உண்டா, வெடி மட்டுந்தானா?" என்று கேட்டார். அவர் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

இதுவரை எழுதியது இன்று காலையில், அம்மா. இதோடு முடித்துவிடலாம் என்று இருந்தேன். இப்போது மணி பன்னிரண்டு.

பத்தரை மணிக்கு ஒரு சத்தம் வந்தது. என் வெடியைவிடச் சின்னச் சத்தம்தான். ஆனால் தரை அதிர்ந்தது, கூரைத் தகரம் கடகடவென்று ஆடியது. பேனாவைப் போட்டுவிட்டு எப்போது ரோட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. மற்றவர்களோடு நானும் செருப்பில்லாமல் நின்றேன். தென்மேற்கில், கம்பெனிகள் இருக்கும் பக்கம், புகை கெட்டியாக எழுந்து நின்றது.

பாண்டியம்மா நேராக என்னிடம் வந்தாள். "டீச்சர், பிள்ளையப் பிடிங்க. அழுதா தோள்ல போட்டு நடங்க," என்று குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். ஊரில் எத்தனையோ சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஏன் என்னிடம் கொடுத்தாள்?

ஆம்புலன்ஸ் இரண்டு முறை போய்விட்டது. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. நம்ம கம்பெனி இல்லை, அதற்கு அந்தப் பக்கம் என்கிறார் ஒருவர். இல்லை, இதுதான் என்கிறார் இன்னொருவர். குருசாமியின் போன் அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைப்பார்கள், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாண்டியம்மா இன்னும் வரவில்லை.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அம்மா. குழந்தை மடியில் விழித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறது. அதனால் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வெடியைக் கொளுத்தும்போது உனக்கு நிஜமாகவே பயம் இருந்ததில்லையா? அல்லது கதவுக்குப் பின்னால் நின்று நான் பார்க்கிறேன் என்பதற்காகத்தான் பயத்தை மறைத்தாயா? ஒருநாளும் கேட்காமல் விட்டுவிட்டேனே.

கண்மாய்க் கரையில் யாரோ வருகிறார்கள். முகம் இன்னும் தெரியவில்லை. பாண்டியம்மா என்ன செய்தி கொண்டுவந்தாலும் சரி, அதைக் கேட்கும்போது இந்தப் பிள்ளை என் தோளில் இருக்கும். கீழே இறக்க மாட்டேன் அம்மா, இது சத்தியம்.

உன் இளைய மகள்,
எஸ்தர்